குப்பிக்குள்ள இருக்கிறது யாரு?

இன்னைக்கு எபிசோட் ஒரு கன்னுக்குட்டியில ஆரம்பிக்குது.

ஆறு மாசக் கிடேரிக் கன்னு. காதுல மஞ்சள் தோடு, அதுல 12 இலக்க எண். கால்நடை மருந்தகத்துல இருந்து வந்தவங்க கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடிச்சு ஒரு ஊசி போடுறாங்க. தோட்டு எண்ணைப் போட்டு, புருசெல்லா தடுப்பூசி போட்டாச்சுன்னு பதிவு பண்றாங்க. அவ்வளவுதான். 2019-ல ஆரம்பிச்ச தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துல 4 மாசத்துல இருந்து 8 மாசத்துக்குள்ள இருக்கிற எல்லாக் கிடேரிக் கன்னுக்கும் இந்த ஊசி உண்டு. ஆனா ஒரு கன்னுக்கு வாழ்நாள்லயே ஒரே ஒரு தடவைதான்.

இப்போ ஒரு சந்தேகம் கேக்குறேன். அந்த ஊசிக்குள்ள இருந்த கிருமி பாதி வழியிலயே செத்துப் போயிருந்தா என்ன ஆகும்? கன்னுக்குத் தெரியாது. வளர்க்கிறவருக்குத் தெரியாது. ஊசி போட்டவங்களுக்கும் தெரியாது. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அது சினை பிடிச்சு, ஏழாம் மாசம் வாக்குல கன்னு வீசுறப்பதான் ஏதோ சரியில்லன்னு தெரியும். அப்பவும் ரெக்கார்டு என்ன சொல்லும்? "ஊசி போட்ட மாடு."

சத்தமே இல்லாம தோத்துப் போகக்கூடிய மருந்து இது. அதனால அதைப் பண்ணைக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே பிடிச்சு வெச்சு ரெண்டு கேள்வி கேக்குறாங்க. நீ யாரு? கடைசி வரைக்கும் நீயாவே இருப்பியா? இன்னைக்கு அந்த ரெண்டு கேள்வியைப் பத்தித்தான் பேசப் போறேன்.

நான் கொஞ்ச காலம் ஒரு தடுப்பூசித் தரக்கட்டுப்பாட்டு லேப்ல பயிற்சிக்கு இருந்தேன். லேப் பேரு வேண்டாம். அங்க எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அக்கா முதல் நாளே ஒண்ணு சொன்னாங்க: "செத்த மருந்துன்னா லேபிளைப் படிச்சுக்கலாம். உயிருள்ள மருந்துகிட்ட லேபிள் பேசாது, நாமதான் பேசணும்." அப்போ புரியல.

முதல்ல நோயைச் சொல்லிடுறேன். புருசெல்லோசிஸ். ஊர்ப்பக்கம் கன்று வீச்சு நோய்னு சொல்வாங்க. மாட்டுல சினை கலையும், நஞ்சுக்கொடி விழாம நிக்கும், பால் குறையும். மனுஷனுக்கும் வரும். காய்ச்சாத பால் மூலமா வரலாம், வீசுன கன்னையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால அள்ளுறவங்களுக்கு வரலாம். விட்டு விட்டு மாசக்கணக்கா காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி. மாட்டு டாக்டர்களுக்கு இது தொழில் நோய் மாதிரி.

செத்த கிருமியை வெச்சு ஊசி போட்டா என்னன்னு கேப்பீங்க. புருசெல்லா நம்மளோட காவல்கார செல்களுக்குள்ளயே புகுந்து குடித்தனம் நடத்துற ஆளு. ரத்தத்துல மிதக்கிற ஆன்டிபாடி மட்டும் போதாது, செல்லுக்குள்ள போய்த் தேடி அழிக்கிற படை வேணும். அந்தப் படைக்குப் பயிற்சி கொடுக்க, உள்ள போய்க் கொஞ்ச நாள் தங்கிட்டு வர்ற உயிருள்ள கிருமியால மட்டும்தான் நல்லா முடியுது. அதனால உயிரோட இருக்கணும், ஆனா சாதுவா இருக்கணும்.

அந்தச் சாதுவோட பேரு எஸ்19. அது கிடைச்ச கதை ரொம்பப் பிடிக்கும் எனக்கு. 1923-ல அமெரிக்காவுல ஜான் பக்னு ஒரு விஞ்ஞானி ஒரு ஜெர்சி பசுவோட பால்ல இருந்து இந்தக் கிருமியைப் பிரிச்சு எடுத்தார். அப்போ அது நல்ல கொடூரமான கிருமி. அந்த டியூப் லேப்ல சாதாரண அறை வெப்பத்துல ஒரு வருஷத்துக்கு மேல கிடந்துச்சு. திரும்ப எடுத்துப் பார்த்தா உயிரோட இருக்கு, ஆனா வீரியம் போயிருச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்யல. இன்னைக்கு நம்ம ஊர்க் கன்னுங்களுக்குப் போடுறது அந்த டியூபோட வாரிசுதான்.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. கிடந்தே சாதுவான கிருமி, வளர வளர வேற ஒண்ணா மாறாதுன்னு யாரு சொன்னா? அதோட, மைக்ராஸ்கோப்ல பார்த்தா எஸ்19-க்கும் நோய் உண்டாக்குற காட்டுக் கிருமிக்கும் வித்தியாசமே தெரியாது. ரெண்டும் குட்டிக் குட்டியா, மணலைத் தூவுன மாதிரி இருக்கும். அதனால, நேர்காணல் மாதிரி, ஒவ்வொண்ணா கேள்வி கேட்டுப் பார்க்கணும்.

காட்டுக் கிருமியில பெரும்பாலானதுக்கு முதல்முறை வளர்றப்ப கூடுதலா கார்பன் டை ஆக்சைடு வேணும், எஸ்19-க்கு வேண்டாம். பென்சிலின் கலந்த தட்டுல எஸ்19 வளராது, காட்டுக் கிருமி வளரும். தயோனின் புளூன்னு ஒரு சாயம், அதுலயும் அதே கதைதான். ஒவ்வொரு தடவையும் பக்கத்துலயே அசல் எஸ்19 ஒரு தட்டு, 544-னு பேர் போட்ட காட்டுக் கிருமி ஒரு தட்டு வெப்பாங்க. இல்லன்னா தட்டுல ஒண்ணும் வளராததுக்குக் காரணம் பென்சிலினா, நம்ம கைப்பக்குவமான்னு தெரியாது.

நாலாவது சோதனைதான் சுவாரசியம். எரித்ரிட்டால். பேரைக் கேட்ட மாதிரி இருக்கா? சுகர் ஃப்ரீ சாக்லேட், கீட்டோ ஸ்வீட் பாக்கெட்ல பின்பக்கம் பாருங்க, அதே எரித்ரிட்டால்தான். சினை மாட்டோட கருப்பைத் திரவத்துலயும் நஞ்சுக்கொடியிலயும் இயற்கையாவே அது நிறைய இருக்கு. காட்டு புருசெல்லாவுக்கு அது விருந்து. மாட்டுல கருப்பையைத் தேடிப் போய் உக்கார்றதுக்கு அது ஒரு காரணம்னு 1960-கள்லயே கண்டுபிடிச்சாங்க. எஸ்19-க்கு அதைச் செரிக்கத் தெரியாது, அது மட்டுமில்ல, எரித்ரிட்டால் இருந்தா வளர்ச்சியே நின்னுடும். அதனால மில்லிக்கு 1 மில்லிகிராம் எரித்ரிட்டால் கலந்த தட்டுல தேய்ச்சு விட்டா, காட்டுக் கிருமி ஜம்முன்னு வளரும், எஸ்19 அடங்கிடும்.

ஏன்னு பார்த்தா, எஸ்19-ஓட டி.என்.ஏ.வுல எரித்ரிட்டாலைச் செரிக்கிற மரபணுத் தொகுதியில 702 எழுத்து காணோம். அப்படியே வெட்டி எடுத்த மாதிரி. இப்போ பி.சி.ஆர். வெச்சு அந்த ஓட்டையைத் தேடினா சில மணி நேரத்துல "ஆமா, எஸ்19-தான்"னு சொல்லிடலாம்.

அப்போ பி.சி.ஆர். போதுமே, எதுக்கு இத்தனை தட்டுன்னு நானும் அக்காகிட்ட கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. அந்த 702 எழுத்து போனதாலதான் கிருமி சாதுவாச்சுன்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருந்தாங்க. 1998-ல வந்த ஒரு ஆய்வு, எலிகள்ல பார்த்தப்ப அந்த ஓட்டைக்கும் சாதுத்தனத்துக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிடுச்சு. அதாவது, அது கைரேகை. ஆளை அடையாளம் காட்டும், ஆளோட குணத்தைக் காட்டாது. குணத்துக்குத் தனியாச் சோதனை வேணும்.

அந்தச் சோதனை எலிகள்ல. விதைக் கிருமியை எலிகளுக்குக் கொடுத்து, வாரா வாரம் சில எலிகளோட மண்ணீரல்ல கிருமி இன்னும் இருக்கான்னு பார்ப்பாங்க. பாதி எலிகள் சுத்தமாக எத்தனை வாரம் ஆகுதுங்கிறதுதான் கணக்கு. ரொம்ப நாள் தங்குச்சுன்னா ஆபத்து. ரொம்பச் சீக்கிரம் கிளம்பிட்டாலும் பிரச்சினைதான், பாடம் சொல்லிக் கொடுக்காமலே வாத்தியார் போயிட்டார்னு அர்த்தம். அசல் எஸ்19 எவ்வளவு நாள் தங்குதோ அதை ஒட்டியே இருக்கணும்.

இப்போ ரெண்டாவது கேள்வி. நீயாவே இருப்பியா?

வீட்டுல தயிருக்கு உறை ஊத்துறாங்க இல்லையா, நேத்துத் தயிர்ல கொஞ்சம், அதுல இருந்து நாளைக்குக் கொஞ்சம். ரெண்டு மாசம் இப்படியே போனா ஒரு நாள் புளிப்பு வேற, பதம் வேற. எப்போ மாறுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பாக்டீரியா தடுப்பூசியும் அப்படித்தான். ஒரு பேட்ச்ல இருந்து அடுத்த பேட்ச், அதுல இருந்து அடுத்ததுன்னு போனா, நாலு தலைமுறைல அது நம்ம ஆளே இல்ல. அதனால மூல விதைன்னு ஒரு தொகுப்பைப் பண்ணிப் பத்திரமா வெச்சுடுவாங்க. அதுல இருந்து வேலை விதை, அதுல இருந்து தடுப்பூசி. அடுத்த பேட்சுக்கு மறுபடியும் பழைய பானைக்கே போகணும், நேத்துத் தயிரைத் தொடக்கூடாது.

அப்படியும் மாறும். புருசெல்லாவோட மேல்தோல்ல மெல்லிய முடி மாதிரிச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கும். அது இருந்தா காலனி வழுவழுன்னு, பளபளன்னு இருக்கும். வளர்ப்பு ஊடகத்துல ரொம்ப நேரம் கிடந்தா சில கிருமிகள் அந்தச் சங்கிலியை உதிர்த்துட்டுச் சொரசொரப்பா மாறிடும். எஸ்19-ஐப் பொறுத்தவரை சொரசொரப்பு ஆளு கன்னுக்குச் சரியா பாடம் எடுக்க மாட்டான். விதைத் தொகுப்புல குறைஞ்சது 99 சதவீதம் வழுவழுப்பா இருக்கணும்னு விதி.

இதைக் கண்டுபிடிக்கிற முறைதான் எனக்கு அந்த லேப்லயே பிடிச்ச வேலை. ஒண்ணு, 1933-ல இருந்து வர்ற ஹென்றி முறை. தட்டுக்குக் கீழ கண்ணாடி வெச்சு வெளிச்சத்தைச் சாய்வா அனுப்பிப் பார்ப்பாங்க. வழுவழுப்புக் காலனி நீலப் பச்சையா மினுங்கும், சொரசொரப்பு மங்கிப் போய் மஞ்சளாத் தெரியும். இன்னொண்ணு, கிறிஸ்டல் வயலெட் சாயத்தைத் தட்டு மேல ஊத்திச் சில வினாடியில வடிச்சிடுறது. வழுவழுப்பு சாயத்தை ஏத்துக்காது, வெளிறியே நிக்கும். சொரசொரப்பு சிவப்பா, ஊதாவா மாறிடும். நூத்துக்கணக்கான வெளிறிய புள்ளிகளுக்கு நடுவுல ஒரே ஒரு ஊதாப் புள்ளி. வெள்ளை வேட்டியில நாவல் பழக் கறை மாதிரி. அதைத்தான் எண்ணணும்.

ஒரு சின்ன கிளைக்கதை. அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், அதோட தடுப்பூசியில இது அப்படியே தலைகீழ். அங்க கிருமிக்குப் போர்வை மாதிரி ஒரு உறை இருந்தாதான் ஆபத்து. 1937-ல தென்னாப்பிரிக்காவுல மேக்ஸ் ஸ்டெர்ன் கண்டுபிடிச்சது அந்தப் போர்வையை நிரந்தரமா தொலைச்ச கிருமி. சீரமும் பைகார்பனேட்டும் கலந்த தட்டுல, கார்பன் டை ஆக்சைடுல வளர்த்தா, போர்வை உள்ளவன் சளி மாதிரி பளபளன்னு வருவான், ஸ்டெர்ன் காய்ஞ்சு போய்த்தான் இருப்பான். நம்ம ராணிப்பேட்டைல 1932-ல இருந்து இருக்கிற கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்துல அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கிறாங்க. அது ஸ்போர், விதை மாதிரி உறங்குற நிலை, அதனால வெயிலுக்கும் சூட்டுக்கும் அவ்வளவு பயப்படாது. எஸ்19-க்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அது ஸ்போர் ஆகாது. சும்மா பச்சையா உயிரோட இருக்கணும்.

எத்தனை பேர் உயிரோட இருக்கணும்? உலகக் கால்நடை நல அமைப்போட கையேட்டுல, கன்னுக்கு முழு டோஸ்னா 5000 கோடியில இருந்து 8000 கோடி வரைக்கும் உயிருள்ள கிருமி. பட்ஜெட் எண் மாதிரி இருக்குல்ல? இதை எப்படி எண்றாங்கன்னா, பத்து மடங்கு, பத்து மடங்கா நீர்க்க வெச்சுக்கிட்டே போவாங்க. பத்துக் கோடி மடங்கு நீர்த்ததுல 0.1 மில்லியைத் தட்டுல விடுறீங்க, நாலஞ்சு நாள்ல 25 காலனி வருதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ மூல மருந்துல ஒரு மில்லிக்கு 2500 கோடி. 2 மில்லி டோஸ்னா 5000 கோடி, பாஸ். தட்டுல 15 காலனிதான் வந்துச்சுன்னா 3000 கோடி, ஃபெயில். இதுல பிப்பெட்டைப் பிடிக்கிற கை நடுங்குனாலே எண் மாறும், அதனால பல தட்டு போட்டுச் சராசரி எடுப்பாங்க.

அந்த எண்ணிக்கை தயாரிச்ச அன்னைக்கு இருந்தா போதாது, எக்ஸ்பைரி தேதி வரைக்கும் இருக்கணும். அதுக்குத்தான் உறைய வெச்சு உலர்த்துறது. இன்ஸ்டன்ட் காபித் தூள் சிலது அப்படித்தான் பண்றாங்க: உறைய வெச்சு, வெற்றிடத்துல வெச்சு, பனிக்கட்டியைத் தண்ணியாக விடாம நேரா ஆவியாக்கிடுறது. கிருமிக்கு அது சித்திரவதை. அதனால சர்க்கரை, புரதச் சத்து, குளூட்டமேட் மாதிரி பொருட்களைக் கலந்து அதைச் சுத்திப் பஞ்சு மெத்தை போட்டு வைப்பாங்க. அப்படியும் ஒரு பங்கு செத்துப் போகும். அதையும் கணக்குல வெச்சுத்தான் ஆரம்பத்துலயே கூடுதலா நிரப்புவாங்க. கடைசியில குப்பிக்குள்ள மிச்சம் இருக்கிற ஈரத்தையும் அளப்பாங்க, பொதுவா 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஈரம் இருந்தா கிருமி அரைத் தூக்கத்துல முழிச்சிக்கிட்டு, சாப்பிட ஒண்ணும் இல்லாம செத்துப் போகும்.

அப்புறம் காத்திருப்பு. குறைஞ்சது மூணு பேட்சை 2-ல இருந்து 8 டிகிரி குளிர்ல வெச்சு, சில மாசத்துக்கு ஒரு தடவை குப்பியைத் திறந்து எண்ணணும். அவசரத்துக்கு 37 டிகிரி சூட்டுல சில நாள் வெச்சுப் பார்க்கிறதும் உண்டு. சூட்டுல சீக்கிரம் சாகுற பேட்ச், குளிர்லயும் சீக்கிரம் சாகும்னு ஒரு ஊகம். அது எச்சரிக்கை மணி மட்டும்தான். எக்ஸ்பைரி தேதியை முடிவு பண்ண நிஜமான காத்திருப்புக்கு மாத்து கிடையாது. ஒரு வருஷம் தாங்கும்னு எழுதணும்னா ஒரு வருஷம் காத்திருக்கணும்.

இத்தனையும் பாஸ் பண்ணின குப்பி வெளிய போகுது. இங்கதான் எனக்குக் கோபம் வரும்.

ஒரு தடவை களத்துல இருந்து திரும்பி வந்த சில குப்பிகளை எங்க லேப்புக்கு அனுப்பியிருந்தாங்க. ஏன் அனுப்பினாங்கன்னு எனக்குச் சொல்லல. அதே பேட்ச், எங்க ஃப்ரிட்ஜ்ல இருந்த குப்பி நல்லா எண்ணிக்கை காட்டுச்சு. திரும்பி வந்ததுல ஒண்ணு மட்டும் தட்டு கிட்டத்தட்ட காலி. பி.சி.ஆர். போட்டா "எஸ்19-தான்"னு அழகா கோடு காட்டுது. செத்த கிருமியோட டி.என்.ஏ.வும் டி.என்.ஏ.தானே. ஆளு அவன்தான், ஆனா உயிர் இல்ல. அன்னைக்குத்தான் முதல் நாள் அக்கா சொன்னது எனக்குப் புரிஞ்சது.

ஐஸ் பெட்டில ஐஸ் உருகி எவ்வளவு நேரம் ஆச்சு, பைக்ல வெயில்ல எத்தனை கிலோமீட்டர், கரைச்ச மருந்து எத்தனை மணி நேரம் சிரிஞ்சுல இருந்துச்சு, இதெல்லாம் எந்த லேபிள்லயும் இல்ல. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில ஒரு சின்னச் சதுரம் இருக்கும், சூடு பட்டா நிறம் மாறும், பார்த்தவுடனே தூக்கிப் போடலாம். நான் கையில எடுத்த மாட்டுத் தடுப்பூசிக் குப்பிகள்ல அப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. இன்னொரு விஷயம், சுத்தமா இருக்கணுமேன்னு சிரிஞ்சை டெட்டால் மாதிரி மருந்துல கழுவுறது, ஊசி போடுற இடத்துல ஸ்பிரிட் தேய்ச்சுட்டுக் காயுறதுக்குள்ள குத்துறது. நல்ல எண்ணம்தான். ஆனா அந்த 5000 கோடிக்கும் அது விஷம். கன்னுக்கு அந்த வாரம் ஆன்டிபயாடிக் போட்டிருந்தாலும் அதே கதி. ஊசி போட வர்றவங்க மேல மட்டும் பழி போடவும் எனக்கு மனசு வரல. காலைல ஒரு ஊர், மதியம் ஒரு ஊர்னு ஓடுறவங்க அவங்க.

உயிரோட இருந்தா வேற கவலை. கன்னு துள்ளும்போது ஊசி ஊசி போடுறவர் விரல்லயே ஏறிடுச்சுன்னா? எஸ்19 மாட்டுக்குத்தான் சாது, மனுஷனுக்குக் காய்ச்சல் கொண்டு வரும். அப்போ ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் கேக்குற முதல் கேள்வி "என்ன ஊசி?"ன்னு இருக்கணும். ஏன்னா உலகத்துல மூணு புருசெல்லா தடுப்பூசி பரவலா இருக்கு. அமெரிக்காவுல 1996-ல இருந்து மாட்டுக்குப் போடுற ஆர்.பி.51 ரிஃபாம்பிசினுக்கு மசியாது. ஆடுகளுக்குப் போடுற ரெவ்1 ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாது. புருசெல்லோசிஸுக்கு வழக்கமா கொடுக்கிற மருந்துகள்லயே இந்த ரெண்டும் இருக்கு. ஆர்.பி.51 சொரசொரப்பு ரகம்ங்கிறதால வழக்கமான ரத்தப் பரிசோதனையிலயும் சிக்காது. 2017-ல டெக்சஸ்ல காய்ச்சாத பால் குடிச்ச ஒருத்தருக்கு வந்தது இந்த ஆர்.பி.51 தான். குப்பிக்குள்ள இருக்கிறது யாருங்கிற கேள்வி அங்க மாட்டைத் தாண்டி ஒரு மனுஷனோட மருந்துச் சீட்டு வரைக்கும் வந்துடுச்சு.

சீனாவுல லான்ஜோ நகரத்துல 2019-ல நடந்தது இன்னும் பெருசு. விலங்குகளுக்கான புருசெல்லா தடுப்பூசி பண்ற தொழிற்சாலையில காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியிருக்காங்க. வெளியேறுன காத்துல கிருமி சாகாமலே போய், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்குத் தொற்று உறுதியாச்சு. தடுப்பூசியோட எக்ஸ்பைரியை நாள் கணக்கா எண்ற தொழில்ல, கிருமிநாசினியோட எக்ஸ்பைரியைப் பார்க்காம விட்டிருக்காங்க.

உங்க வீட்டுல மாடு இருந்தா, இல்ல ஊர்ல சொந்தக்காரங்ககிட்ட இருந்தா, அடுத்த தடவை ஊசி போட வர்றப்ப பக்கத்துல நில்லுங்க. பெட்டில ஐஸ் இருக்கான்னு பாருங்க. கரைச்சு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மரியாதையா கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. காளைக் கன்னுக்கும் சினை மாட்டுக்கும் இந்த ஊசி கிடையாது, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பாலைக் காய்ச்சிக் குடிங்க, பண்ணைல இருந்து நேரா வர்ற "ஃப்ரெஷ்" பாலா இருந்தாலும்.

அந்தக் காலித் தட்டைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அக்கா அதை வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் நோட்டுல குப்பி எண்ணை எழுதி, பக்கத்துல ஒரு கேள்வி எழுதினாங்க: "மிச்ச டோஸ் எந்த ஊருக்குப் போச்சு?" அதுக்கு எங்ககிட்ட பதில் வரவே இல்ல.